மார்கழியில் குடிபுகாத வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்? அழகம்மா இரண்டையும் செய்து பார்த்தவள். கல்யாணம் அவளுக்குப் பெரிய வில்லங்கம் எதையும் கொண்டு வரவில்லை. காளிமுத்து கண்டி மார்க்கெட்டில் மரக்கறி மூட்டை இறக்குகிறவர். குடியில்லை, வாய்த்துடுக்கில்லை, கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் வரும், அவ்வளவுதான். வீடுதான் அவளைத் தின்றது. அதுவும் தானாகத் தின்னவில்லை. கூடப் பிறக்காத ஒரு தம்பி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதன் வாயில் விட்டான்.

அழகம்மா பேராதனை ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை பார்த்தாள். வாட்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை அவித்து, துவைத்து, காயவைத்து அனுப்புகிற வேலை. கை எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும். பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை அறைகளில் ஒன்றில். அது தோட்டத்துக்காரனுடைய கூரை. கல்யாணமாகி வந்தது பேராதனைச் சந்தியில் மர்சூக் நானாவின் கடைக்குப் பின்னால் ஒற்றை அறைக்கு. அது நானாவுடைய கூரை. நானா நல்லவர்தான், வாடகை பிந்தினாலும் முகம் சுளிக்க மாட்டார். இருந்தாலும் அடுத்தவன் கூரை அடுத்தவன் கூரைதானே? சாவதற்குள் ஒரு தடவையாவது என் கதவு என்று ஒரு கதவை இழுத்துச் சாத்திப் பூட்ட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

நாட்டில் சண்டையெல்லாம் ஓய்ந்து, மனிதர்கள் தைரியமாகக் காணி வாங்க ஆரம்பித்திருந்த காலம். கலஹா போகிற பாதையில் ஒரு திருப்பத்துக்கு மேலே சரிவான துண்டு ஒன்று மலிவாக வந்தது. காதுத் தோட்டையும் வளையலையும் விற்று அதை வாங்கினாள். ஆஸ்பத்திரிச் சம்பளத்தைக் காட்டி பேங்கில் கடன் எடுத்தாள். மேட்டை வெட்டித் தட்டையாக்கி, இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் சின்ன விறாந்தை. லீவு நாட்களில் காளிமுத்துவும் அவளும் மகள் இராஜகுமாரியும் கல் சுமந்தார்கள். அந்த வீட்டில் பாதி கொத்தனார் கட்டியது, மீதி அந்த மூன்று பேரின் முதுகு கட்டியது.

இனி அந்தத் தம்பியின் கதைக்கு வருவோம். பெயர் ராஜரத்தினம். தோட்டத்தில் அழகம்மாவின் பக்கத்துக் காம்பறாவில் பிறந்தவன். தாயில்லாப் பிள்ளை. அழகம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவனுக்கும் இல்லை. அவள் தட்டில் பாதியைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தான். பிறகு கண்டியில் படிக்க வந்தபோது மர்சூக் நானாவின் அந்த ஒற்றை அறைக்குள்ளேயே ஒரு மூலையில் பாய் போட்டுப் படுத்தான். அவனுக்குப் பரீட்சை என்றால் காளிமுத்து வெளியே கடை வாசலில் போய்ப் படுப்பார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவன் நினைத்தான்தான், இல்லையென்று சொல்லவில்லை. தீபாவளிக்குச் சேலை வரும். இப்போது கழுத்துப்பட்டியும் மோட்டார் சைக்கிளுமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தான். குண்டசாலையில் சொந்த வீடு. அவன் சந்தியில் வந்து இறங்கினால் அழகம்மாவுக்குக் கால் தரையில் பாவாது. "எங்க தம்பி வந்திருக்கு" என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

கார்த்திகை கடைசியில் வீட்டு வேலை முடிந்தது. முடிந்ததும் அவன் வந்தான்.

"அக்கா, இன்சூரன்ஸ் இல்லாம பேங்க்காரன் கடன்ல கடைசிப் பங்க விடமாட்டான். நான் போட்டுத் தாரேன். எங்க அக்கா வீட்டுக்கு வேற எவன் போடுறது?"

"போடு தம்பி. ஆனா நாங்க இன்னும் குடி போகலியே. மார்கழி பொறக்கப் போகுது. தையிலதானே பால் காய்ச்சணும்?"

மார்கழியில் புது வீடு புகுகிற வழக்கம் அவர்களுக்குள் இல்லை. அது சாமிக்கு ஒதுக்கின மாசம். கூரை தங்கமாக இருந்தாலும் பால் காய்ச்சாத வீட்டில் ஒரு இரவு தலை சாய்க்க மாட்டார்கள். அது ராஜரத்தினத்துக்குத் தெரியாதா? அதே லயத்தில் பிறந்தவன்.

"அதுக்கென்ன அக்கா, இப்பவே குடியிருக்கிறதாப் போட்டுருவோம். எப்படியும் தையில போகத்தானே போறீங்க? ஜன்னல்ல ஒரு திரையப் போடுங்க. அந்திக்கு மாமா போய் ஒரு பல்பப் போட்டுட்டு வரட்டும். எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்?"

"பொய்யா எழுதுறதா?"

"இது பொய்யா அக்கா? ஒரு மாசம் முந்திச் சொல்ற உண்மை."

பேச்சு எப்படி இருக்கிறது பாருங்கள்! படித்தவன் சொன்னால் பொய்யும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரும். அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் சொல்லி அவள் எதைத்தான் செய்யாமல் இருந்தாள்?

அன்றைக்கே அவனிடம் இன்னொன்றும் சொன்னாள். பால் காய்ச்சப் பிறந்த வீட்டிலிருந்து பானையும் சேலையும் வர வேண்டும். கூடப்பிறந்தவன் பானையைத் தூக்கி வந்து அடுப்பில் வைத்தால்தான் அக்கா அடுப்பைப் பற்ற வைக்கலாம். "கோயில் ஐயர் தை மூணாம் வெள்ளின்னு குறிச்சுக் குடுத்திருக்காரு. பொறந்த வீட்டுக்குத்தான் மொதல்ல சொல்லணும். நீ பானையத் தூக்கிட்டு வந்த பெறகுதான் ஊருக்குச் சொல்லுவேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத, கண்ணு பட்டுரும்" என்றாள். அவன் கண் கலங்கிவிட்டான். "நான் இல்லாமலா அக்கா?" என்றான். அந்தக் கண்ணீர் நிஜமாகத்தான் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் அவள் நம்புகிறாள். எரிச்சல் வருவதே அதனால்தான்.

மார்கழி பாதியில் வங்கக் கடலில் ஒரு புயல் எழும்பியது. கண்டியில் நிற்கிற ஒருவனால் கடலைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் கடல் கோபித்துக்கொண்டால் கண்டியின் தலையில்தான் வந்து கொட்டும். கிழக்குக் கரையில் கூரைகள் பறந்தன என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தபோது இங்கே மழை விடாமல் அடித்தது. மகாவலி சிவந்து புரண்டது. தோட்டப் பக்கத்துப் பாதைகளில் மண் சரிந்து பஸ் நின்றது.

ஒரு விடியற்காலையில், திருப்பத்துக்குக் கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சிங்களக் கிழவர் காளிமுத்துவுக்குப் போன் எடுத்தார். கேட்டுவிட்டு அவர் போனை அவளிடம் நீட்டினார். மூன்று பேரும் நனைந்துகொண்டு ஓடினார்கள். வெட்டிய மேடு மேலேயிருந்து அப்படியே இறங்கி வந்திருந்தது. இரண்டு அறையும் விறாந்தையும் மண்ணுக்குள். குசினியின் ஒரு சுவர் மட்டும் தனியாக நின்றது. அழகம்மா சேற்றில் உட்கார்ந்து, வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள். கிழவர் தன் தலையில் இருந்த சாக்கை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "மார்கழி ஒங்களக் காப்பாத்திருச்சு. உள்ள படுத்திருந்தா இப்ப மூணு பெட்டிதான்." உண்மைதான். மகளின் தலையைத் தடவிப் பார்த்து அவளும் அழுகையை நிறுத்தினாள். வீடு போனால் போகட்டும், இன்சூரன்ஸ் இருக்கிறது, தம்பி இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தம்பி மத்தியானமே வந்தான். சரிவைப் பார்த்ததும் அவனுடைய முகம் செத்துவிட்டது. அழகம்மா அதைத் தனக்கான துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஆள் இல்லாத வீடுன்னு தெரிஞ்சா கம்பனி ஒரு சதமும் தராது. நீங்க இங்கதான் குடியிருந்தீங்க. மூணு பேரும் மார்கழி பஜனைக்குப் போயிருந்தீங்க, அந்த நேரம் பாத்து மல வந்துருச்சு. இதுதான் நடந்தது."

அவளுக்கு உடம்பு கூசியது. "சாமி பேரச் சொல்லியா பொய் சொல்றது? நீதானே தம்பி குடியிருக்கிறதாப் போடச் சொன்ன? அத அப்படியே சொல்லிருவோமே."

"சொன்னா என் வேல போயிரும் அக்கா. என் ரெண்டு புள்ளைங்களும் தெருவுலதான் நிக்கும். ஒங்களுக்கும் வீடு போயிரும். நான் இருக்கேன்ல? நான் சொல்றத மட்டும் சொல்லுங்க."

காளிமுத்து அன்றைக்கு அதிசயமாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "உள்ளத உள்ளபடி சொல்லிருவோம் அழகு." அவள் கேட்கவில்லை. தம்பி பிள்ளைகள் தெருவில் நிற்பதா? வாயை மூடுங்கள் என்று புருஷனை அடக்கினாள்.

கம்பனியிலிருந்து வந்தவர் திருச்செல்வம் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர். குடையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி, சேற்றில் இறங்கி நன்றாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு அழகம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, மண் விழேக்கை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"பஜனைக்குப் போயிருந்தோம் ஐயா. மூணு பேரும்."

"சாமானெல்லாம்?"

"உள்ளதான் ஐயா. எல்லாம் மண்ணுக்குள்ள."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு விரிப்பைக் கிழித்தால்கூட நான்தான் கிழித்தேன் என்று போய்ச் சொல்லுகிறவள் அவள்.

தை பிறந்தது. பொங்கல் கழிந்து இரண்டு நாளில் பதில் வந்தது: தர முடியாது, வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்று தெரியவந்திருக்கிறது. தெரியவந்ததாம்! யார் சொல்லித் தெரியவந்தது? அழகம்மாவுக்கு உச்சந்தலையில் ஏறியது. மார்கழி முழுக்க அவர்கள் எங்கே தூங்கினார்கள் என்று இரவுக்கு இரவு கண்ணால் பார்த்தவர் ஒருவர்தானே? நேராக மர்சூக் நானாவின் கடைக்குள் போய் நின்றாள்.

"நானா, ஒங்களுக்கு நாங்க என்ன கொற வச்சோம்? நாங்க போயிட்டா வாடகை போயிரும்னா எங்க வயித்துல அடிச்சீங்க?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். நானாவின் முகம் சிவந்தது. "வல்லாஹி, நான் ஒண்ணுமே செல்லல்ல புள்ள. அந்த மனுஷன் வந்து கேட்டாரு. அவங்க வீட்டுக் கதய அவங்கக்கிட்டயே கேளுங்கன்னு செல்லி அனுப்பிட்டேன். பொய்யும் செல்லல்ல, மெய்யும் செல்லல்ல. நீ இப்படி என்ன நிக்க வச்சுக் கேக்கிறியே!"

அவள் நம்பவில்லை. இத்தனை வருடம் சம்பளத் தேதி வரும்வரை அரிசியும் பருப்பும் நம்பித் தந்த மனுஷனைக் கடை நிறைய ஆட்களுக்கு முன்னால் கழுத்தறுத்தவர் என்று ஏசிவிட்டு வந்தாள். ராஜரத்தினத்துக்குப் போன் எடுத்தாள், அவன் எடுக்கவில்லை. வேலையாக இருப்பான் என்று நினைத்தாள். பாவி மகளே, அப்போதும் உனக்கு உறைக்கவில்லையே!

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காளிமுத்துவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய், கம்பனி வாசலில் காத்திருந்து திருச்செல்வத்தைப் பிடித்தாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"யார் ஐயா சொன்னாங்க? அந்தக் கடைக்கார நானாதானே?"

"இல்லை அம்மா, அவர் வாய் திறக்கேல்லை. எனக்கு அண்டைக்கே விளங்கினது. குடியிருந்த வீடு இடிஞ்சா மண்ணுக்குள்ளாலை ஒரு சட்டி, ஒரு சீலைத் துண்டாவது வெளியாலை வரும். அங்கை ஒரு திரையும் ஒரு பல்பும்தான் கிடந்தது. எண்டாலும் ஒரு ஆளின்ரை வாயாலை கேக்கவேணும் எண்டு ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டனான். அவர் எழுதியே தந்திட்டார். நீங்கள் குடியிருக்கிறதாச் சொல்லி அவரையும் ஏமாத்திப் போட்டியளாம். தை மூண்டாம் வெள்ளிக்குத்தான் பால் காய்ச்ச இருந்தனீங்கள் எண்டு பிறகுதானாம் அவருக்குத் தெரியவந்தது."

தை மூன்றாம் வெள்ளி. அந்த நாளை அவள் நானாவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பொத்திப் பொத்தி வைத்து, பிறந்த வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒருவனிடம்தான் சொன்னாள். அவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. காளிமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னாள். திரை போடச் சொன்னது, பல்பு போடச் சொன்னது, பஜனை என்று சொல்லச் சொன்னது எல்லாம். திருச்செல்வம் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏன் அம்மா இதை அண்டைக்கு என்னட்டைச் சொல்லேல்லை? கட்டி முடிச்சுக் குடிபோகாத வீட்டுக்கும் காப்புறுதி இருக்கு. கட்டணம் கொஞ்சம் கூடும், பேப்பர் வர ரெண்டு கிழமை பிந்தும், அவ்வளவுதான். பிழை ஏஜென்ட்டின்ரை எண்டு அண்டைக்குச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது எழுதியிருப்பன். இப்ப நீங்கள் உங்கட வாயாலை பொய் சொன்னதாப் போச்சு. இனி என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

இரண்டு வாரம்! மாசக் கடைசிக்குள் கம்பனிக்கு ஒரு இன்சூரன்ஸை முடித்துக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் அவன் தாண்டிக் குதித்த இரண்டு வாரம். வெளியே வந்து, கண்டி வாவிக் கரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழகம்மா அழுதாள். வீடு போனபோது அழுத அழுகை வேறு. இது வேறு. மலை அவளுக்குத் தெரிந்தவன் இல்லை. அதன் வாயில் அவள் ஒரு நாளும் சோறு ஊட்டியதில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாக மர்சூக் நானாவின் கடைக்குப் போய், ஏசின அதே இடத்தில், ஆட்கள் நிற்கும்போதே, "நானா, நான் ஒங்களப் பாத்துச் சொன்னது பாவம். என்ன மன்னிச்சிருங்க" என்றாள். நானா ஒரு தேத்தண்ணியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

தை மூன்றாம் வெள்ளி காலையில் ராஜரத்தினம் வந்தான். நம்புவீர்களா? கையில் புதுப் பித்தளைப் பானை, தாம்பாளத்தில் சேலை, ஒரு போத்தல் பால். வாசலிலேயே நின்று அழுதான்.

"அக்கா, எனக்கு வேற வழி தெரியல. கையெழுத்துப் போடுறியா, வேலய விடுறியான்னு கேட்டாங்க. ஆனா தம்பி மொறைய நான் விடமாட்டேன் அக்கா. வாக்குக் குடுத்த நாளு இது."

இராஜகுமாரி பாய்ந்து கதவைச் சாத்தப் போனாள். அழகம்மா மகளைத் தடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"வாக்குக் குடுத்தீல்ல, வா. போய்ப் பால் காய்ச்சுவோம்."

மன்னித்துவிட்டாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, பானையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்களோடு கலஹா பஸ்ஸில் ஏறினான். திருப்பத்தில் இறங்கி மேலே நடந்தார்கள். மண் காய்ந்து வெடித்திருந்தது. குசினிச் சுவர் மட்டும் அப்படியே நின்றது. அதன் ஓரத்தில் அழகம்மா தன் வீட்டுக் கற்களிலேயே மூன்றைப் பொறுக்கி அடுப்புக் கூட்டினாள். காளிமுத்து சுள்ளி ஒடித்துக் கொடுத்தார். "வையி" என்றாள். ராஜரத்தினம் முறைப்படி பானையைத் தூக்கி வைத்தான். பால் கொதித்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல சகுனமாம். யாரும் குலவை போடவில்லை.

முதல் டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"குடி தம்பி. பொறந்த வீட்டுக்குத்தான் மொதல்ல."

குடித்தான்.

"குடிச்சிட்டியா?"

"குடிச்சிட்டேன் அக்கா."

"அப்ப சரி. எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருந்திச்சு. அதுக்கு உள்ள மொறைய அது செஞ்சிருச்சு, நானும் வாங்கிக்கிட்டேன். இனி எனக்கு அங்க யாருமில்ல. இதுக்கு மேல என்ன அக்கான்னு கூப்பிடாத. எங்க வீட்டு வாசல மிதிக்காத."

அவன் திகைத்துப் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"என்ன பாக்குற? வாசல் எங்கன்னா? இல்லாத அந்த வாசலையும் சேத்துத்தான்டா சொல்றேன்."

மிச்சப் பாலை அடுப்பில் ஊற்றி நெருப்பை அணைத்தாள். சூடு ஆறாத பானையைச் சேலைத் தலைப்பால் பிடித்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க, மூன்று பேரும் கீழே இறங்கிப் பஸ் ஏறினார்கள்.

அழகம்மா இன்னும் மர்சூக் நானாவின் அறையில்தான் இருக்கிறாள். இல்லாத வீட்டுக்கு மாசாமாசம் அவள் சம்பளத்தில் பேங்க் பிடித்துக்கொண்டே வருகிறது. ராஜரத்தினம் வேலையில் உயர்ந்துவிட்டான் என்று கேள்வி. புது வீடு கட்டின நம்மவர்களிடம் இன்சூரன்ஸ் போடப் போனால் இப்போதெல்லாம் உட்காருவதற்கு முன்னாலேயே அவன் கேட்கிற முதல் கேள்வி இதுதானாம்: "பால் காய்ச்சியாச்சா?"